இருளைத் தேடிய அறிஞர் வைணு பாப்பு

தோற்றுவாய்

உறையூருக்கும் வானியலுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்னும் சங்கச் சான்றோர் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றின் 30ஆம் பாடலில், வானியல் வல்லார் சிலரைப் பற்றிய அரிய குறிப்பு ஒன்று உள்ளது. கதிரவன் செல்லும் நெறி, அதன் வேகம், அதனைச் சூழ்ந்த வட்டம், காற்று இயங்கும் திசை, பற்றுக்கோடு ஏதுமின்றி நிற்கும் வெளி ஆகியவற்றை நேரிற் சென்று அளந்து வந்தவரைப் போல எடுத்துரைக்க வல்லார் தம் காலத்தில் இருந்தனர் என்று புலவர் கூறுகின்றார். அத்தகையோராலும் அளந்தறிய முடியாத அடக்கம் உடையவன் தன் மன்னன் என்பது பாடலின் கருத்து. மன்னனைப் புகழ வந்த இடத்தில் புலவர் வானியலாரையும் போற்றிவிடுகின்றார்.

தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில் அவ்வறிஞர்களுக்கு வாய்த்திருந்த கருவிகள் இரண்டே. ஒன்று கண், மற்றொன்று இருள். கண் இன்றும் நம்மிடம் உள்ளது. இருளைத்தான் இழந்துவிட்டோம். அவ்விருளின் அருமையை உணர்ந்து, அதனைத் தேடி நாடெங்கும் அலைந்து, முடிவில் தமிழகத்தின் காடு ஒன்றில் அதனைக் கண்டெடுத்த அறிவியல் அறிஞர் ஒருவரின் வாழ்வை இக்கட்டுரையில் காண்போம். இந்திய வானியலுக்குப் புத்துயிர் ஊட்டிய வைணு பாப்புவே அவ்வறிஞர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். இவர்தம் குடும்பம் வட மலபாரின் தலைச்சேரியைச் சார்ந்தது. தந்தையார் ஐதராபாத்திலிருந்த நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றி வந்தார். எனவே பாப்புவின் இளமை அந்நகரிலேயே கழிந்தது.

நிசாமியா வானாய்வகத்தின் வரலாறு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஐதராபாத்துப் பிரபுக்களுள் ஒருவரான நவாப் சஃபர் சங் என்பார் வானியலில் கொண்ட ஆர்வத்தால், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கி வாங்கி 1901இல் இவ்வாய்வகத்தை நிறுவினார். அவர் மறைவுக்குப் பின் 1908இல் நிசாம் அரசு இதனை ஏற்று நடத்தியது. உலக வானாய்வகங்கள் பல ஒன்றுகூடி வானம் முழுமையையும் பகுதி பகுதியாகப் பிரித்து ஒளிப்படமெடுத்து அட்டவணை செய்த பெரும்பணியில் நிசாமியா தனக்குரிய பங்கைச் செவ்வனே நிறைவேற்றியது. செல்வர் ஒருவரின் அறிவு வேட்கை ஓர் அரசின் நிறுவனமாக வளர்ந்து, பின்னர் ஓர் இளைஞனின் உள்ளத்தில் விதையாக விழுந்தது.

விண்மீன்களின் பெயர்கள் பலவும் அரபு மொழியில் அமைந்திருப்பதை நாம் அறிவோம். நாம் உரோகிணி என்று அழைக்கும் மீனின் அல்தபரான் என்னும் பெயருக்குப் பின்தொடர்வது என்பது பொருள். கார்த்திகைக் கூட்டத்தைத் தொடர்ந்து எழுவதால் அப்பெயர் வந்தது. ரிகில் என்பதற்குக் கால் என்பது பொருள். பாரசீக அறிஞர் அப்துர் ரகுமான் அல்சூஃபி 964ஆம் ஆண்டளவில் இயற்றிய நிலை விண்மீன்கள் பற்றிய நூலில், இன்று ஆந்திரமேடா எனப்படும் மண்டலத்தைச் சிறு முகிற்கீற்றாகக் குறித்துள்ளார். வெறுங்கண்ணால் அதனைக் காணும் அளவுக்கு அந்நாளைய வானம் இருண்டு தெளிந்திருந்தது.

இளைஞர் பாப்பு நிசாம் கல்லூரியில் பயின்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மாணவப் பருவத்திலேயே ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் மாறும் விண்மீன்களை நோக்கிக் குறித்துக் கட்டுரைகளும் வெளியிட்டார். தந்தையாரின் பணியிடமே இவருக்கு விளையாட்டுக் களமும் பாடசாலையும் ஆயிற்று என்றால் அது மிகையாகாது.

வால்மீன் தந்த புகழ்

1949இல் ஐதராபாத்து அரசின் உதவித்தொகை பெற்றுப் பாப்பு அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். சென்ற சில திங்களிலேயே, சூலை 2ஆம் நாள் இரவு, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டை ஆராய்ந்தபோது அதில் இருக்கக்கூடாத ஒரு சுவட்டைக் கண்டார். அது புதிய வால்மீன் என்பது பேராசிரியர் பார்ட் போக், உடன்பயின்ற கோர்டன் நியூகர்க் ஆகியோர் துணையுடன் உறுதியாயிற்று. அவ்வால்மீனுக்குப் பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என்று பெயரிடப்பட்டது. பசிபிக் வானியல் கழகம் டோன்கோ பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அப்போது பாப்புவுக்கு வயது 21.

1952இல் முனைவர் பட்டம் பெற்ற பின்னர், கார்னெகி ஆய்வு நல்கை பெற்றுக் கலிபோர்னியாவின் பலோமார் மலைக்குச் சென்றார். அந்நாளில் உலகின் மிகப்பெரிய தொலைநோக்கியாக விளங்கிய 200 அங்குலக் கருவி அங்குதான் இருந்தது. அங்கு ஒலின் வில்சனுடன் இணைந்து ஆற்றிய ஆய்வே பாப்புவின் பெயரை வானியல் நூல்களில் நிலைக்கச் செய்தது.

அவ்வாய்வின் சாரத்தை எளிமையாகக் கூறலாம். தெருவில் தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது. அது அருகிலுள்ள சிறு விளக்கா, நெடுந்தொலைவிலுள்ள பெருவிளக்கா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல இயலாது. விளக்கின் உண்மையான ஆற்றல் தெரிந்துவிட்டால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். விண்மீன்களின் தொலைவை அறிவதில் உள்ள சிக்கலும் இதுவே. கதிரவனை ஒத்தனவும் அதனினும் வெப்பம் குறைந்தனவுமான விண்மீன்களின் நிறமாலையில், கால்சியத்தால் உண்டாகும் கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தோன்றும். அக்கீற்றின் அகலத்திற்கும் அவ்விண்மீனின் உண்மை ஒளிக்கும் உறுதியான தொடர்பு உண்டு என்பதை இருவரும் நிறுவினர். கீற்றை அளந்தால் ஒளி தெரியும். ஒளி தெரிந்தால் தொலைவு தெரியும். 1957இல் வெளியான இக்கண்டுபிடிப்பு இன்றளவும் வில்சன்–பாப்பு விளைவு என்றே வழங்கப்படுகிறது.

காசியும் நைனித்தாலும்

அமெரிக்காவிலேயே தங்கிப் புகழும் வசதியும் பெற்றிருக்கக் கூடிய பாப்பு 1953இல் தாயகம் திரும்பினார். அந்நாளில் இந்தியாவில் விண்மீன் ஆய்வுக்குரிய பெருங்கருவி எதுவும் இல்லை. உத்தரப் பிரதேச அரசு 1954இல் காசி மாநகரில் வானாய்வகம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அரசியல் தலைவரும் அறிஞருமான சம்பூர்ணானந்தரின் முயற்சியால் எழுந்தது அது. அவ்வாண்டின் இறுதியில் பாப்பு அதன் பொறுப்பை ஏற்றார்.

கங்கைச் சமவெளியின் புழுதியும் நகரின் நெருக்கமும் வானாய்வுக்கு ஏற்றவையல்ல. எனவே ஆய்வகம் 1955இல் இமயச் சாரலிலுள்ள நைனித்தாலுக்கு மாற்றப்பட்டது. அங்கும் நகரை விட்டு விலகி மனோரா குன்றில் நிலையான இடம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1961இல் ஆய்வகம் அங்குக் குடியேறியது. நல்ல தொலைநோக்கியை விலை கொடுத்து வாங்கிவிடலாம். நல்ல வானத்தைத் தேடித்தான் அடைய வேண்டும் என்னும் உண்மையைப் பாப்பு இங்குச் செயலில் காட்டினார்.

வானாய்வகங்கள் நகரங்களை விட்டு விலகிச் சென்றது பாப்புவுக்கு முன்னரும் நிகழ்ந்ததே. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் ஒன்றைக் கட்டியது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867இல் மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய கொடும்பஞ்சம், மழைக்கும் கதிரவனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் எண்ணத்தைத் தூண்டியது. அதன் விளைவாகக் கோடைக்கானல் மலையில் கதிரவன் ஆய்வகம் எழ, 1899இல் சென்னையின் வானியற் பணி அங்கு மாறியது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியது தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண். பாப்புவை உருவாக்கிய நிசாமியாவும் இதற்கு விலக்கன்று. ஐதராபாத்து நகரின் வளர்ச்சி வானத்தை மறைக்கவே, உசுமானியப் பல்கலைக்கழகத்தின் புதிய 48 அங்குலத் தொலைநோக்கி 1968இல் தொலைவிலுள்ள சப்பல்–ரங்கப்பூர்ச் சிற்றூர்ப் பகுதியில் நிறுவப்பட்டது.

காவலூர்க் காட்டில்

1960இல் பாப்பு கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். பகலில் கதிரவனை ஆராய அம்மலை சிறந்த இடம். சிவராமன் என்னும் அறிஞருடன் இணைந்து கதிரவனின் கால்சியக் கீற்றை ஆராய்ந்து, விண்மீன்களில் தாம் கண்ட விளைவுக்குக் கதிரவனிலேயே விளக்கம் தேடினார் பாப்பு. எனினும் இரவில் விண்மீன்களை நோக்கத் தேவையான தெளிந்த இரவுகள் கோடைக்கானலில் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆகவே தென்னகத்தில் தக்கதோர் இடத்தைத் தேடும் பணி தொடங்கியது.

அத்தேடலின் முடிவே காவலூர். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் அது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக அங்குச் செல்லலாம். சந்தன மரங்கள் வளர்ந்த அக்காட்டில் ஆய்வகத்துக்கென ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது.

அவ்விடத்தைப் பாப்பு தேர்ந்தமைக்குக் காரணங்கள் பல. சுற்றிலும் காடும் மலையும் சூழ்ந்திருந்தமையால் பெருநகர் விளக்குகளின் தாக்கம் அங்கு இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகை வடக்கே அமைந்தமையால் வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்தே காணலாம். ஆஸ்திரேலியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட நெடுங்கோட்டில் இருப்பதால், அவ்விரு நாட்டினராலும் ஒரு நிகழ்வைக் காண இயலாத வேளையிலும் காவலூர் கண் விழித்திருக்கும். பருவமழைக் காலங்களில் முகில் மறைக்கும் என்பது குறையே. ஆயினும் தை முதலான திங்கள்களின் தெளிந்த இரவுகள் அக்குறையை ஈடுசெய்தன.

1968இல் நிறுவனத்தின் பட்டறையிலேயே உருவான 38 செண்டிமீட்டர்த் தொலைநோக்கியுடன் காவலூரில் பணி தொடங்கியது. 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற அமைப்பாக மலர்ந்தது. 1972இல் செருமனியின் சைசு நிறுவனத்தார் செய்த 1 மீட்டர்த் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. அவ்வாண்டு சூன் 7ஆம் நாள், வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வைக் காவலூர் பதிவு செய்தது. அத்துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தது. அந்நிகழ்வைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. பத்தாண்டுக்கு முன் வானியல் உலகம் அறிந்திராத தமிழகச் சிற்றூர் ஒன்றின் பெயர் இவ்வாறு உலக வானியல் ஏடுகளில் இடம்பெற்றது.

நிறைவேறிய கனவு

பிறநாட்டார் செய்து தரும் கருவியை வாங்கிப் பயன்படுத்துவதோடு பாப்பு மனநிறைவு கொள்ளவில்லை. பெரிய தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே வடிவமைத்து நம் நாட்டுத் தொழிலாளர் கைகளாலேயே உருவாக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கிக்கான திட்டம் பிறந்தது. அவ்வாடியை ஒளியலையின் நீளத்தினும் குறைந்த பிழையுடன் தேய்த்து மெருகிடும் நுண்பணி, பெங்களூரிலுள்ள நிறுவனத்தின் கூடத்திலேயே நடைபெற்றது. ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும் பணி அது. நுண்ணிய நூலால் துணி நெய்து உலகப் புகழ் பெற்ற உறையூரின் மரபை அறிந்த நமக்கு, கையின் நுட்பமும் கண்ணின் பொறுமையும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

1970இல் பட்நாகர் பரிசும் 1981இல் பத்மபூசண் விருதும் பாப்புவைத் தேடி வந்தன. 1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியர் இவரே. 1982 ஆகத்தில் அவ்வொன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டின் பத்ராசு நகரில் கூடியது. தலைமை ஏற்க வேண்டிய பாப்பு செருமனியின் மியூனிக்கு நகரில் இதய அறுவை மருத்துவம் பெற்று வந்தார். பேரவை நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டு 19ஆம் நாள், 55ஆம் வயதில் அவர் மறைந்தார். தம் வாழ்நாட் கனவாகிய தொலைநோக்கியின் வழியே ஒரு விண்மீனைக்கூடக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் விட்டுச் சென்ற பணியை உடனுழைத்தோர் தொடர்ந்தனர். 1985இன் இறுதியில் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. 1986 சனவரி 6ஆம் நாள் அப்போதைய தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி, அதற்கும் அவ்வானாய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 1988இல் காவலூரிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று, கணித மேதை இராமானுசன் பெயரைத் தாங்கி வானில் உலவுகிறது. 2596 என்னும் எண்ணுடைய சிறுகோள் பாப்புவின் பெயரைத் தாங்குகிறது.

இருள் என்னும் செல்வம்

பாப்புவின் வாழ்வு நமக்குக் கூறும் செய்தி யாது? இருள் என்பது இல்லாமை அன்று. அது ஒரு செல்வம் என்பதே அச்செய்தி. கருவிக்குப் பொருள் ஒதுக்கலாம். அறிஞரை அயல்நாட்டிலிருந்து அழைத்து வரலாம். இருளை இழந்துவிட்டால் இவ்விரண்டாலும் பயனில்லை. அவர் தேடிக் கண்ட காவலூரின் வானத்தையும் சுற்றுப்புற ஊர்களின் விளக்கொளி ஆண்டுதோறும் நெருங்கி வருகிறது. இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மற்றொரு தொலைநோக்கி இலடாக்கின் ஆன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இயங்குகிறது. அப்பகுதி 2022இல் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஆங்குள்ள சிற்றூர் மக்கள் விளக்குகளுக்கு மறைப்பிட்டு வானத்தைக் காத்து வருகின்றனர். எனினும் நாம் அனைவரும் ஆன்லேக்குக் குடிபெயர இயலுமா?

உறையூரில் வாழும் நாம் ஒரு மார்கழி இரவில் மாடியேறி நோக்கினால் காண்பது என்ன? சிரியசு என்னும் ஒளிமிக்க மீன் தெரிகிறது. ஓரியன் கூட்டத்தின் இடைவார் மீன்கள் மூன்றும் தெரிகின்றன. அறுமீன் என்று இலக்கியம் பேசும் கார்த்திகைக் கூட்டத்திலோ மூன்று நான்கைத் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. பால்வழி அறவே இல்லை. நன்கு இருண்ட வானில் ஒரே வேளையில் 2,500க்குக் குறையாத விண்மீன்களை வெறுங்கண்ணால் காணலாம் என்பர். தில்லைநகர், புத்தூர், சாலை ரோடு என விளக்குகள் சூழ்ந்த நம் மாடியில் அவற்றுள் சில பத்துகளே எஞ்சியுள்ளன. இது நமக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வழியைக் காண இயலாதவராயினர் என்று 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

வகுப்பறையில் நாம் அறுமீனுக்கு உரை கூறுகிறோம். வடமீனுக்கு விளக்கம் தருகிறோம். கோள் நிலை கொண்டு மழையைக் கணித்த முன்னோரைப் பாராட்டுகிறோம். மாணவர் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். வானத்தில் அவர்கள் காணாதவற்றைத் தாளில் காண்கின்றனர். பாட்டின் சொல் நம்மிடம் உள்ளது. அச்சொல்லுக்குரிய பொருள் தலைக்கு மேலிருந்து மறைந்துவிட்டது. இது வானியலாரின் இழப்பாக மட்டும் இருந்தால் தமிழ்த்துறை அதனைப் பற்றி எழுத வேண்டுவதில்லை. தமிழின் இழப்பும் ஆதலால் எழுதுகிறோம்.

இவ்விழப்பு மீட்க முடியாததன்று என்பதே ஆறுதல். ஆற்றில் கலந்த மாசைப் போக்க ஆண்டுகள் பல வேண்டும். ஒளிமாசு விளக்கை அணைத்த அந்நொடியே நீங்கிவிடும். மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் துகளிலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. நீலம் மிகுந்த வெண்ணொளி மேலும் கூடுதலாகச் சிதறுகிறது. ஆகவே விளக்குக்கு மேலே ஒரு மூடி, ஒளி தரையில் மட்டும் விழும்படியான அமைப்பு, மஞ்சள் சார்ந்த நிறம், ஆளில்லாத வேளையில் அணைத்தல் ஆகிய நான்கே போதும். தெரு இருளாகாது, வானம் மட்டும் இருளும். மின்செலவும் குறையும்.

மேற்கூரையின்றி வானத்தையே கூரையாகக் கொண்ட வெக்காளியம்மன் கோயில் உள்ள ஊர் உறையூர். இரமலான் பிறை காண இன்றும் குழந்தைகளோடு மாடியேறும் மக்கள் வாழும் நகர் திருச்சிராப்பள்ளி. வானத்தை நோக்கும் பழக்கம் நம்மை விட்டு முற்றிலும் அகலவில்லை என்பதற்கு இவையே சான்று. இளமையில் நகரத்து வானத்தின்கீழ் மாறும் விண்மீன்களை எண்ணத் தொடங்கிய மாணவர் ஒருவர் உலக வானியலாரின் தலைவராக உயர்ந்தார். நம் மாணவருள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும். அவர்கள் தலை நிமிரும்போது காண்பதற்கு வானத்தில் ஏதேனும் இருக்குமாறு பார்த்துக்கொள்வது, அவரவர் வீட்டு மாடி விளக்கிலிருந்து தொடங்க வேண்டிய கடமையாகும்.